பட்டறைக்கு வேக்குவம்: வாட்டை விடுங்கள், வடிகட்டியைப் பாருங்கள்

கார் ஷெட்டில் பாதியை ஒதுக்கி மரவேலை செய்கிறீர்கள். கையில் ஒரு சர்குலர் சா (வட்ட ரம்பம்), பள்ளம் பறிக்க ஒரு ரவுட்டர், பரப்பைத் தேய்க்க ஒரு ஆர்பிட்டல் சாண்டர். அடுத்து பலகை இழைக்க ஒரு சின்ன பிளேனர் மெஷினும் வரப்போகிறது. தூசியை உறிஞ்ச வேண்டும், அடைமழையில் ஷெட்டுக்குள் புகும் தண்ணீரை அள்ள வேண்டும், முடிந்தால் சம்ப் அடியில் தங்கும் சகதியையும் எடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் 1200 வாட் வெட் அண்ட் டிரை வேக்குவம் போதுமா, 1600 வேண்டுமா, ஒரேயடியாக 2000 வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

1200 போதும். ஆனால் கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. நானும் முதல் மெஷினை வாட் பார்த்துத்தான் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 2000 என்று போட்டிருந்தது. வாங்கிய வாரமே பழைய மர அலமாரி ஒன்றுக்குப் பட்டி பார்த்துத் தேய்க்க உட்கார்ந்தேன். சாண்டரின் வாலில், அதாவது தூள் வெளியேறும் முனையில், வேக்குவம் குழாயைச் செருகியாயிற்று. பத்து நிமிஷம் ஜோராக ஓடியது. அப்புறம் தூள் பழையபடி அலமாரி மேலேயே படிய ஆரம்பித்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் டப்பாவில் இரண்டு கைப்பிடித் தூள்கூட இல்லை. ஆனால் வடிகட்டியைச் சுற்றி, கல்லில் மாவு வார்த்தது போல வெள்ளையாக ஒரு படலம். 2000 வாட்டும் அந்தப் படலத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தட்டினேன், மறுபடி பத்து நிமிஷம், மறுபடி தட்டினேன். அன்று முழுக்க அலமாரியைத் தேய்த்ததைவிட வடிகட்டியைத் தட்டியதுதான் அதிகம்.

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இதைப் பம்ப் கணக்கில் சொன்னால் உடனே பிடிபடும். போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போகிறவர் எத்தனை ஹெச்.பி. என்று மட்டும் கேட்டுவிட்டு வரமாட்டார். எத்தனை அடி ஹெட் (தண்ணீர் ஏற வேண்டிய உயரம்), அந்த ஹெட்டில் எவ்வளவு டிஸ்சார்ஜ் (வெளியே வரும் தண்ணீர்) என்று கேட்பார். வேக்குவமும் ஒரு பம்ப்தான், தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது. ஹெட் என்பதற்கு இங்கே கிலோபாஸ்கல், அதாவது இழுவையின் அளவு. டிஸ்சார்ஜ் என்பதற்கு வினாடிக்கு இத்தனை லிட்டர் காற்று. வாட் என்பது மெஷின் மின்சாரத்தைக் குடிக்கிற அளவு, அவ்வளவே.

பெட்டியில் 20 கிலோபாஸ்கல், 60 லிட்டர் என்று இரண்டும் போட்டிருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. குழாய் வாயை உள்ளங்கையால் முழுக்க அடைத்தால் 20 கிலோபாஸ்கல் வரும், அப்போது காற்றோட்டம் பூஜ்யம். குழாயையே கழற்றிவிட்டால் 60 லிட்டர் வரும், அப்போது இழுவை பூஜ்யம். வேலை நடப்பது இரண்டுக்கும் நடுவில். தோராயக் கணக்கு வேண்டுமானால் இரண்டையும் பெருக்கி நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள்: 20ஐ 60ஆல் பெருக்கினால் 1200, நான்கால் வகுத்தால் 300 வாட். அதுதான் காற்றின் வழியாக அதிகபட்சம் வேலையாக வரும் சக்தி. கிலோபாஸ்கலும் லிட்டரும் போடாமல் வாட் மட்டும் போட்டிருக்கும் பெட்டியை நான் தொடுவதில்லை.

வாட் கூடினால் இழுவை கூடியே தீரும் என்பதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வேக்குவங்களுக்கு 2014 செப்டம்பரில் 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்தது, 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டுக்கு இறக்கியது. வெட் அண்ட் டிரை வகைக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் பாடம் நமக்கும் உண்டு: அங்கே 900 வாட்டில் தரைவிரிப்பைச் சுத்தம் செய்கிற மெஷினைச் செய்துதான் விற்கிறார்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் இன்னொரு கேள்வி, அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வரும்போது ஒன்று கொண்டுவரட்டுமா, அங்கே 6 ஹெச்.பி. மெஷின் மலிவாமே என்பது. அங்கே வீட்டு சாக்கெட் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1800 வாட், அதாவது 2.4 ஹெச்.பி.க்குக் கொஞ்சம் மேல். அந்த சாக்கெட்டிலிருந்து 6 ஹெச்.பி. தொடர்ந்து வர வழியே இல்லை. அது கணநேர உச்சத்துக்கு ஒட்டிய பெயர். அந்த மெஷினை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கொஞ்ச நேரத்திலேயே மோட்டார் புகைந்துவிடும். அதற்கென்று பெரிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிற காசில் இங்கேயே நல்லதாக ஒன்று வாங்கலாம். அண்ணனை வேறு ஏதாவது கொண்டுவரச் சொல்லுங்கள்.

வாட் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் உங்கள் சுவர். சின்ன மூன்று துளை சாக்கெட் 6 ஆம்பியர். 230ஆல் பெருக்கினால் 1380 வாட். 2000 வாட் மெஷினுக்குப் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட் கட்டாயம். பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் கன்வர்ஷன் பிளக் என்று ஒன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும். பட்டறைக்குள் அதை விடாதீர்கள். 1200 வாட் வேக்குவமும் 1400 வாட் சர்குலர் சாவும் ஒன்றாக ஓடினால் 2600 வாட், பதினோரு ஆம்பியருக்கு மேல். இதை ஒரு சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டினால் முதலில் வாசனை வரும், பிறகு பிளாஸ்டிக் இளகும். ஷெட்டுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டு, தடித்த ஒயரில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் அந்த ஆர்.சி.சி.பி.யில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வீட்டில் பரணில் கிடக்கும் பழைய வேக்குவமே போதாதா என்று கேட்டால், போதாது. சாதாரண வீட்டு வேக்குவத்தில் உறிஞ்சிய காற்றே மோட்டாருக்குள் புகுந்து அதைக் குளிரவைத்துவிட்டு வெளியேறும். தண்ணீர் போனால் கதை முடிந்தது. தூசி அடைத்துக்கொண்டாலும் மோட்டார் சூடேறிச் சாகும். வெட் அண்ட் டிரையில் இருப்பது பைபாஸ் மோட்டார். அதைக் குளிர்விக்கத் தனி விசிறி, தனி வழி. உறிஞ்சிய ஈரக்காற்று மோட்டாரின் சுருளைத் தொடாமலே வெளியே போய்விடும்.

இதையொட்டி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. குழாய் அடைத்துக்கொண்டால் வேக்குவம் கீச்சென்று கத்தும். மோட்டார் திணறுகிறது என்று பயப்படுவோம். நடப்பது நேர்மாறு. நகர்த்தக் காற்று இல்லாததால் பாரம் குறைந்து விசிறி வேகமாகச் சுற்றுகிறது. ஒயரைக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள், ஆம்பியர் இறங்கும். அந்தக் கீச்சுக் குரலைக் காதில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்: டப்பா நிரம்பிவிட்டது, வடிகட்டி அடைத்துவிட்டது, குழாயில் மரச்சில்லு சிக்கிவிட்டது என்று மூன்றில் ஒன்றை அது சொல்கிறது.

இப்போது வடிகட்டிக்கு வருவோம். கொடுக்கும் காசு உழைக்க வேண்டிய இடம் இதுதான்.

இழைப்புளியில் வரும் சுருளும் ரம்பத்தில் விழும் தூளும் பார்க்கப் பெரிய குப்பை, ஆனால் ஆபத்து குறைவான குப்பை. தரையில் விழும், கூட்டி அள்ளலாம். சாண்டரிலிருந்து வருவது வேறு. அதில் பத்து மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) கீழே உள்ளது கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் காற்றிலேயே தொங்கும், நேராக நுரையீரலுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தொகுப்பில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் மரத்தூளைச் சேர்த்தது. அதற்கு முன்பே, 1960களில், நாற்காலி செய்வதற்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹை விகம் வட்டாரத்தில் மரச்சாமான் தொழிலாளர்களுக்கு மூக்குப் பகுதிப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக வருவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரம்பம் பிடிக்கும் நமக்கு அதே அளவு ஆபத்து இல்லைதான். ஆனாலும் ஈட்டி மரத்தூளோ தேக்குத் தூளோ பட்டுக் கையில் தடிப்பு வந்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். பலகையை அறுத்தால் கூடவே பிசின் தூளும் வரும்.

மலிவான வடிகட்டி போட்ட வேக்குவம் இந்த நுண்தூளை முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதிவிடும். முன்பு பலகை மேல் இருந்த தூளை அறை முழுக்கப் பரப்பிவிட்டு, தரை சுத்தமாகிவிட்டது என்று நம்மை நம்ப வைக்கும்.

ஐரோப்பிய முறையில் பட்டறை வேக்குவங்களை எல், எம், ஹெச் என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். சோதனைத் தூளில் எல் வகுப்பு 1 சதவீதம் வரை தப்பவிடலாம், எம் வகுப்பு 0.1 சதவீதம், ஹெச் வகுப்பு 0.005 சதவீதம். ஒரு கிலோ நுண்தூளை உறிஞ்சினால் முதல் வகை பத்து கிராம் வரை வெளியே விடலாம், இரண்டாவது ஒரு கிராம், மூன்றாவது கிராமில் இருபதில் ஒரு பங்கு. எம் வகுப்பில் இன்னொரு வசதி, குழாயில் காற்றின் வேகம் வினாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் மெஷினே கத்தி எச்சரிக்கும். மரவேலைக்கு எம் வகுப்பு உத்தமம். ஆனால் விலை பல மடங்கு. நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டு மாடல்களில் பெரும்பாலும் வகுப்பே குறித்திருக்காது.

அதற்குப் பதில் பெட்டியில் ஹெபா என்று இருக்கும். அமெரிக்கக் கணக்கில் ஹெபா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பியக் கணக்கில் ஹெச்13 தரம் 99.95 சதவீதம். அந்த 0.3க்கு ஒரு காரணம் உண்டு. அதைவிடப் பெரிய துகள் இழையில் மோதி மாட்டிக்கொள்ளும்; அதைவிட மிகச் சிறியது தாறுமாறாக அலைந்து எங்காவது ஒட்டிக்கொள்ளும்; நடுவில் இருக்கும் இந்த அளவுதான் தப்பிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். பெட்டியில் ஹெபா டைப், ஹெபா லைக் என்று வால் ஒட்டியிருந்தால் அது வெறும் காகித மடிப்பு வடிகட்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தரம் எண்ணோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல ஹெபா வாங்கிவிட்டாலும் தூளை நேராக அதன் மேல் அடித்தால் என் அலமாரிக் கதைதான். வடிகட்டி எவ்வளவு நுண்மையோ அவ்வளவு சீக்கிரம் அடையும். அதனால் டப்பாவுக்குள் பை போட்டு ஓட்டக்கூடிய மாடலாகப் பாருங்கள். நெய்யாத துணியில் செய்த ஃப்ளீஸ் பை காகிதப் பையைவிட உழைக்கும், சுலபத்தில் கிழியாது. பெரும்பாலான தூளைப் பை பிடித்துக்கொள்ளும், மிச்சத்துக்குத்தான் வடிகட்டி. வாங்குவதற்கு முன்னால் பையும் வடிகட்டியும் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். மெஷின் மலிவு, மாற்று வடிகட்டி கிடையாது என்றால் அந்த மெஷினின் ஆயுள் ஒரு வடிகட்டியின் ஆயுள்தான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீர் உறிஞ்சும்போது வடிகட்டியைக் கழற்ற வேண்டுமா? பழைய பாணி மெஷின்களில் காகித வடிகட்டியையும் பையையும் எடுத்துவிட்டு ஸ்பாஞ்ச் உறை மாட்ட வேண்டும். மறந்து அப்படியே தண்ணீரை இழுத்தால் தூளும் ஈரமும் சேர்ந்து வடிகட்டி பசை பூசிய அட்டையாகிவிடும். தட்டையான மடிப்பு வடிகட்டி உள்ள சில மாடல்களில் மாற்றாமலே இரண்டும் செய்யலாம். கழுவக்கூடிய வடிகட்டி என்றால் உதிரி ஒன்று சேர்த்தே வாங்குங்கள். சித்திரை வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும், ஐப்பசி அடைமழையில் மூன்று நாளானாலும் காயாது.

அடுத்து, நூறு பேருக்குச் சொன்னால் பத்துப் பேர் செய்யும் காரியம்: சைக்ளோன் வாளி. வேக்குவத்துக்கும் சாண்டருக்கும் நடுவில் ஒரு கூம்பு, அதன் அடியில் ஒரு வாளி. காற்று கூம்புக்குள் சுழன்று இறங்கும்போது கனமான தூள் சுவரோரம் ஒதுங்கி வாளியில் விழுந்துவிடும். காற்றும் நுண்தூளும் மட்டும் வேக்குவத்துக்குப் போகும். மர அறுவை ஆலைகளின் கூரையில் நிற்குமே பெரிய தகரக் கூம்பு, அதே சங்கதிதான். இங்கிலாந்துக் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் 1978இல் அப்படி ஒரு ஆலைக் கூம்பைப் பார்த்துத்தான் பையில்லா வேக்குவத்துக்கு யோசனை எடுத்தார், 5127 மாதிரிகள் செய்து பார்த்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. நமக்கு அவ்வளவு பாடு இல்லை. ஒனெய்டா நிறுவனத்தின் டஸ்ட் டெபுட்டி போன்ற பிளாஸ்டிக் கூம்பும் அதன் நகல்களும் ஆன்லைனில் கிடைக்கின்றன. கூம்பு வேண்டாம் என்றால் ஃபில் தீன் என்ற அமெரிக்க மரவேலைக்காரர் பிரபலமாக்கிய தடுப்புத் தட்டு இருக்கிறது. வாளி மூடிக்குக் கீழே பிளைவுட் வட்டம் ஒன்று, அதன் ஓரத்தில் 240 பாகைக்கு ஒன்றும் அரைக்காலும் அங்குலம் வெட்டிவிட்ட பிளவு. தூள் அந்தப் பிளவு வழியே விழும், மேலே எழும்பாது. ஜிக்சா ரம்பம் இருந்தால் ஒரு மணி நேர வேலை.

வாளிக்கு எல்லாரும் எடுப்பது 20 லிட்டர் பெயின்ட் வாளிதான், நானும் அதைத்தான் எடுத்தேன். மூன்றாம் நாள், பலகை மேல் கிடந்த ஒரு பாலித்தீன் தாளைக் குழாய் வாய் பிடித்துக்கொண்டது. டப் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் வாளி, மிதித்துப் போட்ட தகர டின் மாதிரி உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது. பிறகுதான் கணக்குப் போட்டேன். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியில் 20 கிலோபாஸ்கல் என்றால் சுமார் 140 கிலோ. இரண்டு பேர் மூடிமேல் ஏறி நிற்கிற கனம். சுவரிலும் அதே அழுத்தம். இப்போது ஒரே மாதிரி இரண்டு வாளியை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மூடிக்கு அடியில் 12 மி.மீ. பிளைவுட் கொடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒடுங்கவில்லை. வடிகட்டியைத் தட்டுவதும் வாரத்துக்கு ஒன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்றாக இறங்கிவிட்டது. ஒரு குறை, குழாயின் நீளம் கூடுவதால் இழுவை கொஞ்சம் குறையும். வடிகட்டி சுத்தமாகவே இருப்பதால் அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சைக்ளோன் வைத்ததுதான் முன்னால் நிற்கும்.

குழாய் விஷயத்தில் உங்களை எரிச்சல்படுத்தப் போவது அளவுகள். ஒரு கம்பெனி சாண்டரின் வால் 27 மி.மீ., இன்னொன்றுக்கு 32, வேறொன்றுக்கு 35 அல்லது 36. ஒன்றுக்கொன்று சேராது. ரப்பர் அடாப்டர் வாங்கலாம். நான் பிவிசி குழாயிலேயே செய்துகொள்கிறேன். நம் ஊர் ஒரு இஞ்ச் பிவிசி குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ., ஒன்றேகால் இஞ்ச் குழாய்க்கு 40. பிளம்பர் பேப்பர் கொளுத்திக் குழாயைச் சுட்டு வாயை அகலமாக்குவாரே, அதே வித்தையை ஹீட் கன்னில், திறந்த வெளியில் செய்யுங்கள். நெருப்பில் காட்டினால் வரும் புகை நல்லதில்லை. இளகியதும் சாண்டரின் வாலில் அழுத்தி ஆறவிட்டால் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கடைக்குப் போகும்போது வேக்குவத்தின் முனையையும் சாண்டரையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், வாயால் அளவு சொல்லி வாங்காதீர்கள்.

உடன் வரும் குழாய் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள்தான். பட்டறைக்கு மூன்றரை மீட்டராவது வேண்டும். சாண்டருக்கு மெல்லிய, வளையும் குழாய் வசதி. தரையில் சில்லு அள்ளத் தடித்தது வேண்டும். குழாயின் விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, சில்லு சிக்காது. சாண்டர் பலகையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் இழுவை அதிகம் என்று அர்த்தம். கைப்பிடியில் இருக்கும் காற்றுத் துளையைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், சுழிக் கீறல் விழாது.

பிளேனர் வரப்போகிறது என்றீர்கள். அதற்கு இந்த வேக்குவம் ஆகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். பிளேனர் சுருள் சுருளாகக் கொட்டும். 20 லிட்டர் டப்பா சில நிமிஷத்தில் நிரம்பிவிடும். அதற்கும் டேபிள் சாவுக்கும் தேவைப்படுவது குறைந்த இழுவையில் ஏராளமான காற்று, நாலு இஞ்ச் குழாய். அது டஸ்ட் கலெக்டர் என்ற தனி மெஷின். பம்ப் கணக்கில் சொன்னால் வேக்குவம் ஆழ்துளைப் பம்ப், டஸ்ட் கலெக்டர் வாய்க்கால் பம்ப். இப்போதைக்குப் பிளேனரை வாசலுக்கு இழுத்துப்போட்டு ஓட்டிவிட்டுச் சுருளை மாட்டுக்கொட்டகைக்கோ உரக்குழிக்கோ அள்ளிக் கொடுத்துவிடுங்கள்.

கருவியை ஆன் செய்ததும் வேக்குவமும் தானாக ஓடும்படி மெஷின் மேலேயே சாக்கெட் வைத்த மாடல்கள் உண்டு, பாஷ் கம்பெனியின் கேஸ் (GAS) 15 பி.எஸ். அந்த வகை. இருந்தால் சுகம், இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. முதலில் வேக்குவம், பிறகு கருவி. நிறுத்தும்போது முதலில் கருவி, பத்து விநாடி கழித்து வேக்குவம். குழாயில் மிச்சம் கிடப்பதும் வந்துவிடும். காதுக்கு மஃப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மோட்டார்கள் நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுபவை, சத்தம் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

தண்ணீர் வேலைக்கு இரண்டே விஷயம். ஒன்று, டப்பாவின் அடியில் வடிகால் மூடி இருக்க வேண்டும். 30 லிட்டர் டப்பா கவர்ச்சிதான், ஆனால் நிரம்பினால் 30 கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்க்கப் போகும் முதுகு உங்களுடையது. 20 லிட்டர் போதும். இரண்டு, மிதவை சரியாக ஏறி இறங்குகிறதா என்று கையால் தட்டிப் பாருங்கள். தண்ணீர் நிரம்பியதும் மிதவை மேலேறிக் காற்று வழியை அடைக்கும், கீச்சுச் சத்தம் வரும், அணைத்துவிடலாம். சோப்பு நுரை மட்டும் மிதவையைத் தூக்காது, நேரே மோட்டார்ப் பக்கம் ஏறிவிடும். வாஷிங் பவுடர் கலந்த தண்ணீரை உறிஞ்சும்போது டப்பாவை அரைவாசியிலேயே கொட்டுங்கள்.

சம்ப் விஷயத்தில் மட்டும் உங்கள் ஆசையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். 20 கிலோபாஸ்கல் இழுவை தண்ணீரை இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி உயரத்துக்குத்தான் தூக்கும். எட்டடி ஆழ சம்பில் குழாயை முக்கிவிட்டு மேலே நின்றால் ஆறரை அடியில் தண்ணீர் அப்படியே நிற்கும், மெஷின் எவ்வளவு கத்தினாலும் ஏறாது. குழாய் வாயைத் தண்ணீர் மட்டத்தில் பாதியாகப் பிடித்துக் காற்றையும் சேர்த்து இழுக்கவிட்டால் துளித்துளியாக ஏறும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மெஷினைக் கயிறு கட்டி சம்புக்குள் இறக்கும் யோசனையை நினைக்கவே வேண்டாம். சின்ன சப்மெர்சிபிள் பம்ப் ஒன்றால் தண்ணீரை இறைத்துவிட்டு, ஐந்தடிக்குள் இருக்கும் சம்பில் கடைசிச் சகதிக்கு மட்டும் வேக்குவத்தைப் பயன்படுத்துங்கள்.

எதை உறிஞ்சக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தின்னர், பெட்ரோல், வார்னிஷ் சிந்தியது எதுவும் வேண்டாம்; மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ்ஷில் பொறி பறந்துகொண்டே இருக்கும். மரத்தூள் கிடக்கும் டப்பாவில் ஆங்கிள் கிரைண்டரின் இரும்புப் பொறி போகக் கூடாது. உடனே எரியாது, உள்ளே கனன்றுகொண்டே இருந்து நீங்கள் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றிக்கொள்ளும். கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் அறுக்கும் தூளில் சிலிகா உண்டு. 1997இல் அதுவும் மரத்தூளைப் போலவே புற்றுநோய்ப் பட்டியலின் முதல் பிரிவில் சேர்ந்தது. அதைத் தண்ணீர் விட்டு அறுப்பதே சரி, வீட்டு வேக்குவத்தை நம்பாதீர்கள்.

பிராண்ட் எது என்று அடுத்துக் கேட்பீர்கள். கார்ச்சர், பாஷ், மக்கிட்டா, டிவால்ட், ஸ்டான்லி, யுரேகா ஃபோர்ப்ஸ், இனால்சா, அகாரோ என்று கடையில் நிறைய இருக்கின்றன. கார்ச்சரில் மஞ்சள் நிறம் வீட்டு வரிசை, சாம்பல் நிறம் தொழில் வரிசை. இந்த வேலைக்கு மஞ்சளே போதும். மாடல் எண்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இதுதான் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் யாருக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று பார்த்து, அவர்களிடம் வடிகட்டி, பை, கார்பன் பிரஷ் மூன்றும் கையிருப்பில் உண்டா என்று போன் போட்டுக் கேளுங்கள். பிரஷ் சில நூறு மணி நேரத்தில் தேயும், அது குறையில்லை. கம்பெனியில் கிடைக்காவிட்டால் காயில் கட்டும் கடையில் அளவுக்குத் தேய்த்துப் போட்டுத் தருவார்கள். நானாக இருந்தால் 1000 முதல் 1400 வாட்டுக்குள், 15 முதல் 20 லிட்டர் டப்பா, ஃப்ளீஸ் பை போடக்கூடியது, வடிகால் மூடி உள்ளது என்று ஒன்றை எடுத்துவிட்டு, 2000 வாட்டுக்குப் போகாமல் மிச்சமான காசில் சைக்ளோன் கூம்பும், நீளக் குழாயும், ஒரு உதிரி வடிகட்டியும் வாங்குவேன். நல்ல என்95 மாஸ்க், வேக்குவம் இருந்தாலும் வேண்டும், இல்லாவிட்டாலும் வேண்டும்.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே, ஒரு சோதனை செய்யுங்கள். ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, வேக்குவத்தின் காற்று வெளியேறும் வாய்க்குக் குறுக்கே ஒரு டார்ச் வெளிச்சம் பாயும்படி வையுங்கள். இரண்டு கைப்பிடி அரிசி மாவைத் தரையில் கொட்டி உறிஞ்சுங்கள். ஒளிக்கற்றையில் ஒன்றும் தெரியாவிட்டால் வடிகட்டி நன்றாக உட்கார்ந்திருக்கிறது. மாவு புகை மாதிரி மினுங்கினால் வடிகட்டியின் ரப்பர் விளிம்பைக் கழற்றிச் சரியாகப் பொருத்தி இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் மினுங்கினால் பில்லை எடுத்து வையுங்கள், காலையில் கடை திறந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.